சரக்கு விமானிகளின் ஊதியமும் உத்தியோகமும்

விமானம் ஓட்டும் தொழிலை மேற்கொள்ள விரும்பிய மாணவ நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் என்பால் வந்து, "ஐயா, சரக்கு விமானக் கம்பெனிகளுள் அதிகச் சம்பளம் கொடுப்பது எது?" என்று வினவினார். வினா எளியதுபோல் தோன்றிற்று. ஆயின் விடைகூறப் புகுந்தபோதுதான் அதன் அருமை எனக்குப் புலனாயிற்று. விமானியின் ஊதியத்தைக் கணக்கிடும் முறை, ஆசிரியனுக்கோ குமாஸ்தாவுக்கோ மாதச் சம்பளம் அளிக்கும் முறையை ஒத்ததன்று. அவன் தன் எஜமானரைத் தெரிந்தெடுக்கும் முறையும் வேறு. இவ்விரண்டும் பின்னிக் கிடத்தலின், ஒன்றை அறியாமல் மற்றொன்றை அறிதல் இயலாது. அந்நண்பரின் பொருட்டு ஆராய்ந்தவற்றையே ஈண்டு எழுதுகிறேன். சரக்கு விமானப் போக்குவரத்து மிக விரிவாக வளர்ந்திருப்பது அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆதலின், அந்நாட்டு வழக்கத்தையே பெரும்பாலும் எடுத்துரைப்பேன்.

சரக்கு விமானம் என்பது பிரயாணி விமானத்திற்குப் பின்தோன்றிய தம்பி என்று எண்ணுவோர் பலர். உண்மை இதற்கு மாறானது. விமானங்கள் ஒழுங்காக ஊர்விட்டு ஊர் செல்லத் தொடங்கிய காலத்தில், அவை முதன்முதல் சுமந்தவை பெரும்பாலும் தபால் மூட்டைகளே. 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 18-ஆம் தேதி, ஆன்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனிக்கு ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்களைக் கொண்டு சென்றதே, உலகில் அரசாங்க அனுமதியுடன் விமானத்தில் தபால் சென்ற முதல் நிகழ்ச்சியென்பர். பின்னர் 1932-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்ததும் தபால் விமானமே. அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் அத்தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தார். ஆதலின் சென்னைவாசிகள் தம் ஊரின் விமானப் போக்குவரத்தைச் சரக்குடன் தொடங்கியவர்கள் என்றே கூறலாம்.

அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டு மே மாதம் வாஷிங்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே விமானத் தபால் தொடங்கிற்று. சின்னாட்களில் தபால் இலாகாவே தன் சொந்த விமானிகளை அமர்த்திக்கொண்டது. அவர்களுக்கு ஓர் அடிப்படைச் சம்பளமும், அதன்மேல் பறந்த மைல் ஒன்றுக்கு இத்தனை சதம் என்று ஒரு கூலியும் கொடுத்தனர். மலைப்பாங்கான வழிக்குக் கூலி அதிகம். இரவில் பறப்பதற்கு அதனினும் அதிகம். ஆபத்து எங்கே மிகுகின்றதோ அங்கே கூலியும் மிகுகின்றது. நேர்மையான கணக்கென்றே தோன்றும். ஆனால் பறந்தால்தான் காசு என்பதன் மறுபுறத்தையும் பார்த்தல் வேண்டும். மூடுபனியிலும் புயலிலும் விமானம் கிளம்பவேண்டுமென்று மேலதிகாரிகள் வற்புறுத்தினர். 1919-ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க்கின் அருகே, கண் தெரியாத மூடுபனியில் கிளம்ப மறுத்த இரு விமானிகள் வேலையினின்று நீக்கப்பட்டனர். மற்ற விமானிகள் உடனே வேலைநிறுத்தம் செய்தனர். சில நாட்களில் ஏற்பட்ட சமாதானத்தின்படி, வானிலை ஆகாதென்று விமானி மறுத்தால் நிலையத்தின் தலைவரே முதலில் விமானத்தில் ஏறிப் பறந்து பார்த்துச் சொல்லவேண்டும் என்று ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. தரையிலிருந்து கட்டளையிடுவோர்க்கு இதனினும் தக்க மருந்தை யான் கேள்விப்பட்டதில்லை. அப்படியிருந்தும், தபால் இலாகா இப்பணியை நடத்திய சில ஆண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்ட விமானிகள் உயிரிழந்தனர்.

தபால் கொண்டுசெல்லும் பணி 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனிப்பட்ட கம்பெனிகளின் கைக்கு மாறிற்று. விமானங்களின் வேகமும் வளர்ந்தது. அப்பொழுது ஒரு புதுச் சச்சரவு கிளம்பிற்று. வேகம் மிகுந்த விமானத்தில் ஒரே மணியில் அதிக மைல் கடக்கலாம் ஆதலின், மைல்கூலியை ஒழித்து மணிக்கூலி ஒன்றே கொடுக்க முதலாளிகள் விரும்பினர். வேகத்தால் விளையும் இலாபம் முழுதும் முதலாளிக்கே போகலாகாதென்று விமானிகள் வாதித்தனர். 1931-இல் தோன்றிய விமானிகள் சங்கம் இவ்வழக்கைத் தேசியத் தொழிலாளர் போர்டின்முன் கொண்டு சென்றது. 1934-ஆம் ஆண்டு அப்போர்டு அளித்த 83-ஆம் தீர்ப்பு, அடிப்படைச் சம்பளம், விமானத்தின் வேகத்தை ஒட்டி உயரும் மணிக்கூலி, மைல்கூலி ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு திட்டம் வகுத்தது; இரவு மணிக்குப் பகல் மணியினும் அதிகக் கூலி விதித்தது; மாதத்திற்கு 85 மணிக்குமேல் பறத்தலாகாது என்றும் வரையறுத்தது. இக்காலத்து முறைகள் யாவும் அத்தீர்ப்பின் சந்ததிகளே.

நிற்க. இனி இக்காலத்துச் சரக்கு விமானியின் கணக்கைப் பார்ப்போம்.

அவனுக்கு மணிக்கூலி உண்டு. ஆனால் எந்த மணிக்கு? விமானத்தின் சக்கரத்தடையை நீக்கி அது நின்ற இடத்தைவிட்டு அசையும் நிமிஷம் தொடங்கி, சேருமிடத்தில் மீண்டும் தடையிடும் நிமிஷம்வரை உள்ள நேரமே கூலிக்குரிய நேரம். வீட்டை விட்டுப் புறப்பட்டது, வானிலைக் குறிப்புகளைப் படித்தது, சரக்கு ஏறும்வரை காத்திருந்தது முதலியவை இக்கணக்கில் சேரா. இது பிரயாணி விமானிக்கும் சரக்கு விமானிக்கும் பொது. எனினும் சரக்கு விமானிக்கு இதனால் நேரும் தீங்கு பெரிது. காரணம் கூறுகிறேன்.

1973-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 17-ஆம் தேதி இரவு, பிரெடரிக் ஸ்மித் என்பார் நிறுவிய பெடரல் எக்ஸ்பிரஸ் கம்பெனி, 14 சிறு விமானங்களைக் கொண்டு 25 நகரங்களுக்கு 186 பொட்டலங்களை அனுப்பித் தன் தொழிலைத் தொடங்கிற்று. எல்லா நகரங்களின் பொட்டலங்களும் இரவில் மெம்பிஸ் என்னும் ஒரே ஊருக்கு வந்து, அங்கே பிரிக்கப்பட்டு, விடியுமுன் அவ்வவற்றிற்குரிய நகரங்களுக்குச் செல்லும். வண்டிச்சக்கரத்தின் குடத்தில் ஆரங்கள் யாவும் கூடுவதுபோன்ற இம்முறையை அமெரிக்கர் மிகப் போற்றுவர். நம்மவர்க்கு இதில் வியப்படையக் காரணம் இல்லை. 1949-ஆம் ஆண்டிலேயே சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்து இரவில் கிளம்பிய விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியிற் கூடித் தபால் மூட்டைகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டு திரும்பிய ஏற்பாடு நம் நாட்டில் நடந்ததே!

இத்தகைய முறையில் விமானியின் இரவு எங்ஙனம் கழிகின்றது என்று பாருங்கள். அவன் இரவு 8 மணிக்கு வேலைக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். 9 மணிக்குக் கிளம்பி 10-30-க்கு மையநகரை அடைகிறான். அங்கே பொட்டலங்கள் பிரிக்கப்படும்வரை நான்கு மணி நேரம் காத்திருக்கிறான். 2-30-க்குக் கிளம்பி விடியற்காலை 4 மணிக்கு ஊர் சேருகிறான். வேலையில் இருந்தது 8 மணி; பறந்தது 3 மணி. பறந்த நேரத்திற்கு மட்டும் கூலியென்றால், ஓர் இரவின் உறக்கத்தை விற்று மூன்று மணிக்குரிய பணம் பெறுகிறான். இக்குறையை நீக்கவே விமானிகள் சங்கங்கள் ஒப்பந்தங்களில் சில காப்புகளைச் சேர்த்துள்ளன. வேலையிலிருந்த இரண்டு மணிக்கு ஒரு மணிக்கூலியேனும் தரவேண்டுமென்பது அவற்றுள் ஒருவகை. அவ்விதி இருப்பின் மேற்கூறிய விமானிக்கு 3 மணிக்குப் பதிலாக 4 மணிக்கூலி கிடைக்கும். வீட்டைவிட்டுப் பல நாள் வெளியூரில் தங்குவோனுக்கு, வெளியிற் கழித்த மொத்த நேரத்தில் இத்தனையில் ஒரு பங்குக்குக் கூலியென்பது மற்றொரு வகை. இவ்விருவகையிற் கிடைப்பதையும் உண்மையிற் பறந்த நேரத்தையும் ஒப்பிட்டு, எது பெரிதோ அதையே கொடுப்பர்.

இவற்றின்மேல், விமானம் பறந்தாலும் பறவாவிடினும் மாதத்திற்கு இத்தனை மணிக்குரிய கூலி உறுதி என்று ஒரு குறைந்தபட்ச ஏற்பாடும் உண்டு. அது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். பெரும்பாலும் 65-க்கும் 80-க்கும் இடைப்பட்டது. வெளியூர்ப்படி, ஓய்வுகாலத்திற்காகக் கம்பெனி ஒதுக்கும் பணம், விடுமுறை நாளில் அழைக்கப்பட்டால் ஒன்றரை மடங்கு கூலி முதலியவை தனி. ஆகவே மணிக்கு இத்தனை டாலர் என்னும் ஒரே எண்ணைக் கேட்டு ஒரு கம்பெனியை மெச்சுவோர், குதிரையின் வாலைப் பார்த்து விலைபேசுவோரை ஒப்பர். மணிக்கூலி குறைந்து காப்புகள் மிகுந்த ஒப்பந்தம், மணிக்கூலி மிகுந்து காப்பற்ற ஒப்பந்தத்தை ஆண்டிறுதியில் வென்றுவிடுதல் உண்டு.

இனி, மணிக்கூலியின் அளவை நிர்ணயிப்பவை மூன்று: விமானி தலைமை விமானியா, உதவி விமானியா என்பது, அவன் அக்கம்பெனியில் எத்தனை ஆண்டு வேலைபார்த்தான் என்பது, அவன் ஓட்டும் விமானத்தின் பருமன். இம்மூன்றாவது எங்கும் செல்லுபடியாவதன்று. யு.பி.எஸ். கம்பெனியில் எவ்வகை விமானத்தை ஓட்டினாலும் ஒரே விகிதம். பெடரல் எக்ஸ்பிரஸில் அகன்ற விமானத்திற்கு விகிதம் அதிகம். இவ்விரு பெருங் கம்பெனிகளிலும் பல்லாண்டு வேலைபார்த்த தலைமை விமானியின் மணிக்கூலி 300 டாலருக்கு மேற்பட்டது. மாதம் 75 மணி என்று கொண்டால் ஆண்டுக்கு 2,70,000 டாலர் ஆகின்றது. முதலாண்டு உதவி விமானி பெறுவது இதில் ஒரு சிறு பங்கே.

இவ்விடத்தில்தான் இத்தொழிலின் உயிர்நாடியான ஒரு வழக்கத்தைக் கூறவேண்டும். கம்பெனியில் சேர்ந்த தேதியைக்கொண்டு ஒவ்வொரு விமானிக்கும் ஒரு வரிசை எண் உண்டு. எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த ஊரில் இருப்பது, எந்த மாதத்தில் எவ்வழியிற் செல்வது, தீபாவளியோ கிறிஸ்துமஸோ வீட்டில் இருப்பதா இல்லையா, எப்பொழுது தலைமை விமானியாவது ஆகிய யாவும் அவ்வெண்ணின்படியே முடிவாகும். திறமைக்குப் பரிசு இல்லை. மேலதிகாரியின் தயவுக்கும் இடமில்லை. முன்னே நிற்பவன் வேண்டியதை எடுத்துக்கொண்ட பின்னர், எஞ்சியது அடுத்தவனுக்கு. இவ்வெண்ணோ அந்தக் கம்பெனியின் எல்லைக்குள் மட்டுமே செல்லும் நாணயம். பதினைந்து ஆண்டு தலைமை விமானியாக இருந்தவனும் வேறு கம்பெனிக்குச் சென்றால், நேற்றுச் சேர்ந்த இளைஞனுக்குப் பின்னே, கடைசி எண்ணுடன், முதலாண்டு உதவி விமானியின் கூலியில் தொடங்கவேண்டும். நம் ஆசிரியர்கள் ஒரு கல்லூரியை விட்டு மற்றொன்றிற்குத் தலைமைப் பேராசிரியராகச் செல்வதுபோல் அவனால் செல்ல முடியாது.

இதில் நன்மையும் உண்டு. மூடுபனியில் கிளம்ப மறுத்தவனை மேலதிகாரி பதவியுயர்வைக் காட்டி மிரட்ட இயலாது. ஆனால் இதன் விளைவாக, எஜமானரைத் தேர்தல் என்பது ஏறத்தாழத் திருமணத்தை ஒத்ததாகிவிட்டது. முப்பது வயதிற் செய்த தேர்வு, சட்டப்படி ஓய்வுபெறும் 65 வயதுவரை தொடர்கின்றது. இரண்டு கம்பெனிகள் ஒன்றாக இணையும்போது இரு வரிசைகளை ஒரே வரிசையாகக் கோக்கவேண்டி வருகின்றது. அப்பொழுது விளையும் மனக்கசப்பு சொல்லுந்தரமன்று. 1945-இல் போர்வீரர்களால் தொடங்கப்பட்ட பிளையிங் டைகர் என்னும் பழம்பெருங் கம்பெனியை 1989-இல் பெடரல் எக்ஸ்பிரஸ் விழுங்கியபோது, இவ்வரிசை வழக்கு நடுவர்முன் சென்றே முடிந்தது.

தேர்வுக்கு எத்தகைய கம்பெனிகள் உள்ளன? அடிப்படியில் நிற்பவை சிறு விமானக் கம்பெனிகள். பெருநகரத்திற்கு வந்த பொட்டலங்களைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசெல்ல, ஒற்றை எஞ்சினுடைய செஸ்னா காரவான் போன்ற விமானங்களை இவை ஓட்டுகின்றன. விமானத்தின் பக்கத்தில் எழுதியிருப்பது பெரிய கம்பெனியின் பெயர். சம்பளம் கொடுப்பதோ சிறிய ஒப்பந்தக்காரர். பெரும்பாலும் விமானி ஒருவனே, பேச்சுத்துணையும் இல்லை. மேகத்தினூடே கருவிகளை நம்பி இவ்விமானத்தைத் தனியே ஓட்ட 1,200 மணி அனுபவம் வேண்டும். 2013 முதல் பெரிய விமானங்களில் உதவி விமானியாவதற்கே பொதுவாக 1,500 மணி வேண்டுமென்று விதித்துவிட்டனர். ஆகவே இளைஞர் பலர் குறைந்த கூலிக்கு இங்கே பறந்து மணிகளைச் சேர்க்கின்றனர். தனியே இரவில் பனியுறைந்த வானத்திற் பறந்தவனின் கைத்திறமையை வேறெங்கும் கற்க முடியாதென்று இதில் தேர்ந்தோர் கூறுவர். அது மெய்யாகலாம்; குறைந்த கூலிக்கு அதுவே காரணமாகக் கூறப்படும்போது எனக்குச் சற்று ஐயம் எழுவதுண்டு.

இரண்டாவது வகை, தமக்கென்று சரக்கில்லாத கம்பெனிகள். விமானம், விமானி, பழுதுபார்த்தல், இன்ஷூரன்ஸ் ஆகிய நான்கையும் சேர்த்துப் பிறருக்கு வாடகைக்கு விடுவதே இவற்றின் தொழில். 1992-இல் தொடங்கிய அட்லஸ், மோட்டார்ப் பந்தய வீரரான கான்ராட் கலிட்டா நடத்தும் கலிட்டா முதலியவை இவ்வினத்தன. 2016 முதல் அமேசான் என்னும் வியாபார நிறுவனத்தின் பெயர்தாங்கிப் பறக்கும் விமானங்களும் இத்தகைய கம்பெனிகளின் விமானிகளாலேயே ஓட்டப்படுகின்றன. இவற்றில் கூலி, முற்கூறிய இரு பெருங்கம்பெனிகளைவிடக் குறைவு. ஆனால் வேறொரு வசதி உண்டு. விமானி தன் சொந்த ஊரிலேயே குடியிருக்கலாம். வேலை தொடங்கும் நாளில் அவன் வீட்டருகே உள்ள நிலையத்திலிருந்து கம்பெனியே டிக்கட் வாங்கி அழைத்துக்கொள்ளும். மாதத்தில் ஏறக்குறைய 17 நாள் தொடர்ந்து ஆங்காரேஜ், ஹாங்காங், லீஜ் என்று உலகைச் சுற்றிவிட்டு, எஞ்சிய நாட்களை முழுதும் வீட்டிற் கழிக்கலாம். பெரிய கம்பெனியிலோ மெம்பிஸுக்கோ லூயிவில்லுக்கோ தானே வந்துசேர்தல் விமானியின் பொறுப்பு. மனைவி மக்களை வேறூரில் வைத்துவிட்டு, வேலைக்கு வருவதற்காகவே பிறர் விமானத்தில் இடம்தேடி அலையும் விமானி, கூலியில்லாத ஒரு நாளைப் போக்கிலும் மற்றொரு நாளை வரவிலும் இழக்கிறான். சிறு குழந்தைகளுடைய ஒருவன் குறைந்த கூலியையே விரும்பி ஏற்றல் இதனால்தான்.

வாடகைக் கம்பெனியின் குறை என்னவெனில், வாடிக்கைக்காரன் மனம் மாறினால் விமானியின் கதி என்னாகும் என்பது. ஒஹையோ மாகாணத்தில் வில்மிங்டன் என்றோர் சிற்றூர். டி.எச்.எல். கம்பெனி அங்கே தன் மையநிலையத்தை வைத்திருந்தது, ஏ.பி.எக்ஸ்., ஆஸ்டார் என்னும் இரு கம்பெனிகளின் விமானிகள் அதன் பொட்டலங்களைச் சுமந்தனர். 2008-ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவிற்குள் நடத்தும் பொட்டலத் தொழிலை நிறுத்துவதாக டி.எச்.எல். அறிவித்தது, அடுத்த ஜனவரியில் நிறுத்தியும் விட்டது. அச்சிற்றூரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஆயிரக்கணக்கான தொழிலாளருடன் விமானிகளும் வேலையிழந்தனர். அவர்கள் செய்த பிழை யாதும் இல்லை. ஒரு பொட்டலத்தையும் தவறவிட்டாரில்லை. பல்லாண்டு கழித்து அதே ஓடுபாதையில் அமேசானின் பொட்டலங்கள் வந்திறங்கின. ஆயினும் நடுவயதில் வேறு கம்பெனிக்குச் சென்று கடைசி எண்ணை ஏற்றுக்கொண்டோர்க்கு அதனால் என்ன பயன்?

ஆகவே பெருங்கம்பெனியே சிறந்ததென்று முடிவுகட்டலாமா? 2020-ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் அப்படித்தான் யாவரும் முடிவு கட்டினர். பிரயாணி விமானங்கள் பாலைநிலங்களில் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்க, சரக்கு விமானங்கள் இரவுபகல் ஓயாது பறந்தன. பொட்டலம் தும்முவதில்லை, பொட்டலம் பிரயாணத்தை ரத்து செய்வதில்லை என்று விமானிகள் மகிழ்ந்தனர். மூன்றே ஆண்டுகளில் காற்று திசைமாறிற்று. 2023-இல் டெல்டா முதலிய பிரயாணிக் கம்பெனிகள் மிகப்பெரிய ஊதிய உயர்வுகளுக்கு உடன்பட்டன. டெல்டாவின் உயர்வு நான்காண்டுகளில் 34 சதவீதம். சரக்கோ குறைந்தது. அவ்வாண்டு ஜூலையில் பெடரல் எக்ஸ்பிரஸ் விமானிகள் தம் சங்கத்தலைவர் கொணர்ந்த புது ஒப்பந்தத்தை 57 சதவீத வாக்குகளால் நிராகரித்தனர். நவம்பரில் அக்கம்பெனி, விமானிகள் தேவைக்கு மிஞ்சியிருப்பதால், விரும்புவோர் ஒரு சிறிய பிரயாணிக் கம்பெனியிற் சென்று சேரலாமென்று தன் விமானிகளுக்கே வழிகாட்டிற்று. உலகைச் சுற்றும் பெருவிமானத்தின் தலைமைப்பீடத்தை அடைந்தவர்களுக்கு அது எவ்வாறு இருந்திருக்கும்! 2024-இல் அரசாங்கத் தபாலைச் சுமக்கும் ஒப்பந்தமும் அக்கம்பெனியை விட்டு யு.பி.எஸ்.ஸுக்குப் போயிற்று.

ஒப்பந்தம் பிடிக்கவில்லையெனில் வேலைநிறுத்தம் செய்வதுதானே என்பீர். அது எளிதன்று. 1926-இல் இரயில்வேக்காக இயற்றப்பட்டு 1936-இல் விமானத் தொழிலுக்கும் நீட்டப்பட்ட சட்டத்தின்படி, அமெரிக்காவில் விமானிகளின் ஒப்பந்தம் முடிவடைவதே இல்லை. திருத்தத்தக்க நிலையை மட்டும் அடைகின்றது. அரசாங்க மத்தியஸ்தர்கள் விடுவிக்கும்வரை, ஆண்டுகள் பல சென்றாலும், இருதிறத்தாரும் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். அதுவரை பழைய கூலியே. 1997-இல் யு.பி.எஸ். கம்பெனியின் லாரி ஓட்டுநரும் பொட்டலம் பிரிப்போருமாகிய 1,85,000 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களைவிடப் பன்மடங்கு ஊதியம் பெற்ற விமானிகள் அவர்களின் மறியலைத் தாண்டிச் செல்ல மறுத்து உடன்நின்றனர். பதினைந்து நாள் அக்கம்பெனியின் விமானங்கள் பெரும்பாலும் தரையிலேயே நின்றன. கறுத்த கையுடைய சுமைதூக்கியும் தங்கப்பட்டை அணிந்த தலைமை விமானியும் ஒரே வாயிலில் நின்ற அக்காட்சியை இன்னும் பேசிக்கொள்வாருண்டு.

கூலியைப்பற்றி இவ்வளவு கூறியபின், கூலியில் அடங்காத ஒன்றையும் கூறாமல் விட இயலாது, அது உறக்கம். 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பபலோ நகரருகே ஒரு பிரயாணி விமானம் வீழ்ந்து அதிலிருந்தோர் அனைவரும் மாண்டபின், விமானிகளின் களைப்பைக்குறித்து நாடெங்கும் கூக்குரல் எழுந்தது. அதன் பயனாக 2014 ஜனவரியில் புது ஓய்வுவிதிகள் நடைமுறைக்கு வந்தன. ஒரு விமானி தொடர்ந்து வேலையில் இருக்கத்தக்க நேரம், அவன் வேலை தொடங்கும் வேளையை ஒட்டி 9 முதல் 14 மணி என வகுக்கப்பட்டது. இரவில் தொடங்குவோனுக்கு நேரம் குறைவு. மிகச் சிறந்த விதி. ஆனால் இரவிலேயே வாழும் சரக்கு விமானிகளுக்கு மட்டும் அது பொருந்தாதென்று விலக்களித்துவிட்டனர்! அவர்களுக்கு 16 மணிவரை இடந்தரும் பழைய விதிகளே தொடர்ந்தன. விதியை நிறைவேற்ற ஆகும் செலவு, அதனால் விளையும் பயனினும் மிகுதியென்பது அரசாங்கம் கூறிய காரணம். சரக்கு விமானம் வீழ்ந்தால் இறப்போர் இருவர் அல்லது மூவர்தாமே என்பதைக் கணக்காக எழுதினால் இப்படித்தான் வரும்.

புது விதி நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதம் முன்பு, 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் தேதி விடியுமுன், லூயிவில்லிலிருந்து சென்ற யு.பி.எஸ். விமானமொன்று அலபாமா மாகாணத்துப் பர்மிங்காம் நிலையத்தை நெருங்குகையில் ஓடுபாதைக்கு முன்னே தரையில் மோதிற்று. விமானிகள் இருவரும் மாண்டனர். சிதைவிலிருந்து எடுத்த ஒலிப்பதிவுக் கருவியை ஆராய்ந்தபோது, புறப்படுமுன் அவ்விருவரும் தம் களைப்பைப்பற்றியும், புது ஓய்வுவிதியினின்று சரக்கு விமானிகள் விலக்கப்பட்டதைப்பற்றியுமே பேசிக்கொண்டிருந்தமை தெரியவந்தது. ஒழுங்கற்ற இறக்கத்தைக் கைவிடாமல் தொடர்ந்ததே விபத்தின் காரணமென்று ஆராய்ச்சிக் குழுவினர் 2014-இல் முடிவுகூறினர். ஓய்வுநேரத்தை உறக்கத்திற்குத் தக்கவாறு பயன்படுத்தாமையாலும் இரவுவேளையின் இயல்பாலும் உதவி விமானிக்கு ஏற்பட்டிருந்த களைப்பையும் துணைக்காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தனர். விலக்கை எதிர்த்து யு.பி.எஸ். விமானிகளின் சங்கம் தொடுத்த வழக்கு 2016-இல் தள்ளுபடியாயிற்று. சட்டம் தராததை ஒப்பந்தத்தின் வாயிலாகப் பெறுவதே அவர்களுக்கு எஞ்சிய வழி. மையநிலையங்களில் பொட்டலங்கள் பிரிக்கப்படும் அந்தச் சில மணி நேரத்தில் விமானி கண்ணயர்வதற்கென்று கட்டிலுடன் கூடிய இருட்டறைகள் வைக்கப்பட்டுள்ளன. மணிக்கூலியை மட்டும் கேட்கும் இளைஞர், எத்தனை அறைகள் உள்ளன, தொடர்ந்து எத்தனை இரவு பறக்கவேண்டும் என்பவற்றையும் கேட்டல் நலம்.

இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு நண்பரிடம் சென்றேன். அவர் பொறுமையுடன் கேட்டுவிட்டு, "என் வயது 22. முதலிற் சிறு விமானம், பின்னர் வாடகைக் கம்பெனி, பின்னரே பெருங்கம்பெனி என்று ஏறுவதா? அல்லது எங்கே முதலில் இடம் கிடைக்கின்றதோ அங்கேயே நிலைப்பதா?" என்றார். கணக்கிட்டுப் பார்த்தோம். பெருங்கம்பெனியில் 30 வயதிற் சேருவோனுக்கும் 40 வயதிற் சேருவோனுக்கும் உள்ள வேற்றுமை முதலாண்டுச் சம்பளத்தில் இல்லை. 65 வயதுக்குமுன் உச்சவிகிதத்திற் பெறும் ஆண்டுகளுள் பத்து குறைகின்றன. மேற்கூறிய கணக்கின்படி அவை ஏறத்தாழ 27 லட்சம் டாலர். அந்த எண்ணைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. பின்னர், அக்கம்பெனியில் தமக்குமுன் நிற்கும் எத்தனை பேர் அடுத்த பத்தாண்டில் ஓய்வு பெறுவர் என்பதைக் கண்டறியும் வழி யாதென்று கேட்டார். கம்பெனிகளின் வரிசைப்பட்டியலில் வயதைக்கொண்டு அதனைக் கூடியவரை கணிக்கலாம் என்றேன். அவருடைய தாயார் அருகில் இருந்து யாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், வாரத்தில் எத்தனை இரவு பையன் வீட்டில் உறங்குவான் என்று வினவினார். அது அவனுடைய வரிசை எண்ணைப் பொறுத்தது, அம்மா, என்று விடை கூறினேன்.